சாப்பிடுகிற மாவில விளையாடலாமோ?

போனைத் திறந்தால் அந்த வீடியோ எப்படியும் ஒருநாள் வந்து சேரும். வெள்ளை மேசை, கண்ணாடிக் கிண்ணங்கள், நகப்பூச்சுப் போட்ட இரண்டு கைகள். "வீட்டிலேயே இருக்கும் பொருட்களை வைத்து ஐந்தே நிமிடத்தில் குழந்தைகளுக்கு பிளே டோ" என்று ஒரு குரல். மா, உப்பு, தண்ணி, எண்ணெய், கலர். கடைசியில் ஒரு சின்னப் பிள்ளை சிவப்பு உருண்டையைத் தட்டிச் சிரிக்கும்.

போன வருஷம் நாங்களும் அதைப் பார்த்துத்தான் தொடங்கினோம். நாங்கள் என்றால் கலைப்பீடத்தில் படிக்கிற ஆறு பேர். எங்கட பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் போனால் ஒரு குளத்தடிக் கிராமம். அங்கே இருக்கிற ஒரு முன்பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் போய் வருவோம். 18 பிள்ளைகள், ஒரு ரீச்சர், உதவிக்கு ஒரு அக்கா. கதை சொல்லுவோம், பாட்டுப் பாடுவோம், படம் கீறுவோம். "இந்த முறை பிளே டோ செய்வம், செலவே இல்லை" என்று எங்களில் ஒருவர் சொன்னார். எல்லாரும் ஓம் என்றோம்.

அந்தச் "செலவே இல்லை" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இப்போதும் நாங்கள் அதைச் செய்கிறோம், செய்யச் சொல்லியும் சொல்லுவோம். ஆனால் யாருடைய மாவில், யாருடைய கையால், எதுக்காகச் செய்கிறோம் என்று கேட்காமல் செய்யக்கூடாது என்பது இப்போது எங்கட கருத்து. அந்தக் கேள்விகளை நாங்களாக யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அந்த முன்பள்ளி முற்றத்தில் மற்றவர்கள்தான் எங்களைக் கேட்டார்கள்.

முதல்நாள் எங்கட மா களியாகவே வரவில்லை. மா வாங்கி வந்த நண்பர் வீட்டிலிருந்த அவித்த மாவைப் போத்தலோடு கொண்டு வந்துவிட்டார். எங்கட வீடுகளில் கோதுமை மாவை அவித்து அரித்து வைத்திருப்பது வழக்கம்தானே. தண்ணி விட்டுக் குழைத்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. பிசைந்தால் பிளந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று "அண்ணா, புட்டோ?" என்று கேட்டார்கள். பச்சை மாவைத் தண்ணியோடு பிசையும்போது அதிலிருக்கிற புரதம்தான் இழுபடுகிற தன்மையைக் கொடுக்கிறது. அவிக்கும்போது அது கெட்டுவிடுகிறது. புட்டுக்கு அவித்த மா நல்லதாக இருப்பதும், அது விளையாட்டு மாவுக்குச் சரிவராமல் போவதும் ஒரே காரணத்தால்தான். வெள்ளை மேசை வீடியோவில் அவித்த மா என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது.

ஆகவே செய்ய விரும்புகிறவர்களுக்கு எங்களுக்குச் சரிவந்த அளவைச் சொல்லிவிடுகிறோம். பச்சைக் கோதுமை மா இரண்டு கப், உப்பு ஒரு கப், தண்ணி இரண்டு கப், தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, தேசிப்புளி இரண்டு மேசைக்கரண்டி. வீடியோக்களில் தேசிப்புளிக்குப் பதிலாக 'கிறீம் ஒஃப் ரார்ரர்' என்று ஒரு வெள்ளைத் தூள் போடச் சொல்லுவார்கள். அதுவும் ஒரு அமிலம்தான், தேசிக்காய் போதும். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்துத் தாச்சியில் ஊற்றி, மெல்லிய நெருப்பில் அகப்பையால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கூழ் மாதிரி இருக்கும், பிறகு கட்டிகட்டியாகும். "பிழைச்சுப் போச்சு" என்று கைவிடுகிற நேரத்தில் தாச்சியை விட்டுத் திரண்டு வரும். இறக்கி, கை தாங்கக்கூடிய சூட்டில் பிசைந்தால் முடிந்தது. ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும்.

அடுப்பில் வைக்காமல் பச்சையாகக் குழைக்கிற முறையும் இருக்கிறது. நாங்கள் அதை விட்டுவிட்டோம். பச்சை மாவில் வயிற்றுக்கு ஒவ்வாத கிருமிகள் இருக்கக்கூடும், நாலு வயதுப் பிள்ளையின் கை எப்படியும் வாய்க்குத்தான் போகும். சமைத்த மா மெதுமையாகவும் இருக்கும், கூட நாள் நிற்கும். கூட நாள் என்றாலும் வீடியோவில் சொல்லுகிற மூன்று மாதம் எங்கட காலநிலைக்குப் பொய். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். மாரி காலத்தில் மூடி வைத்த டப்பாவுக்குள்ளேயே மா வியர்த்துக் கையில் ஒட்டத் தொடங்கிவிடும். எங்களுக்கு இரண்டு கிழமை நின்றது. கறுப்புப் புள்ளி விழுந்தாலோ மணம் மாறினாலோ யோசிக்காமல் எறிய வேண்டும். எறிவதையும் முற்றத்தில் எறியக்கூடாது. அவ்வளவு உப்பை ஒரு நாய் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளும் அப்படித்தான். நுனி நாக்கில் பட்டால் முகத்தைச் சுளித்துத் துப்பிவிடுவார்கள், ஆனால் ஒரு உருண்டையை விழுங்க விடக்கூடாது. எதையும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு இது வேண்டாம். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று தாய்மாரிடம் முதலிலேயே கேளுங்கோ.

கலருக்கு மஞ்சள் தூள், பீற்றூட் சாறு, கீரைச் சாறு. பீற்றூட் பச்சையாக விட்டால் நல்ல ரோசா நிறம். அடுப்பில் வைத்தால் மண்ணிறத்துக்குப் போகும், அதனால் இறக்கிய பிறகு சேர்க்க வேண்டும். வேலியில் பூத்திருந்த நீலச் சங்குப்பூவை அவித்து எடுத்த தண்ணி அருமையான நீலம். அதைத் தேசிப்புளி விட்ட மாவுக்குள் ஊற்றினோம், கண் முன்னாலேயே ஊதாவாக மாறியது. பிள்ளைகள் கத்தின கத்து இன்னும் காதுக்குள் நிற்கிறது. "திருப்பிச் செய்யுங்கோ" என்று ஐந்து தரம் கேட்டார்கள். நாங்களும் ஐந்து தரம் செய்தோம்.

எல்லாம் சந்தோசமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு ஆச்சி படலையடியில் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்.

"பிள்ளையள், அது கோதுமை மாவோ?"

"ஓம் ஆச்சி."

"சாப்பிடுற மாவோ?"

"ஓம்…"

"அதை ஏன் பிள்ளை மண்ணாக்கிறியள்?"

ஏசவில்லை, சத்தம் போடவில்லை. பேரனின் கையை வாளித் தண்ணியில் கழுவினார். நகத்துக்குள் இருந்த மஞ்சள் மாவைக் கூடச் சுரண்டி எடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்களுக்குள் பெரிய விவாதம். ஒருவர் சிறுவர் உரிமைச் சமவாயத்தைக் கொண்டு வந்தார். 1989 இல் ஐ.நா. ஏற்றுக்கொண்டது, 1991 இல் இலங்கை கையொப்பத்தை உறுதிப்படுத்தியது, 31 ஆவது உறுப்புரை விளையாடுகிற உரிமையைச் சொல்லுகிறது என்று பரீட்சைக்குப் படித்ததை ஒப்பித்தார். "அதைப் போய் ஆச்சியிட்டச் சொல்லு" என்று இன்னொருவர் சொன்னார். அதோடு அந்த வாதம் முடிந்தது. உரிமை இருக்கிறது, சரி. அந்த உரிமை கோதுமை மாவில்தான் இருக்கிறது என்று எந்த உறுப்புரையும் சொல்லவில்லையே.

இன்னொருவர் கணக்குப் போட்டார். 18 பிள்ளைகளுக்கும் சேர்த்து நாங்கள் பாவித்தது அரைக் கிலோ மா. அதில் பாண் சுட்டால் 450 கிராம் பாண் இரண்டு கூட வராது. அதை இரண்டு கிழமை வைத்து விளையாடுகிறார்கள். ஒரு கலியாண வீட்டில் எச்சில் இலையோடு போகிற சாப்பாட்டுக்கு முன்னால் இது ஒரு வீணோ? கணக்குச் சரிதான். ஆனால் ஆச்சி எங்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது.

எங்கட பாட்டிமார் கோதுமை மாவை இன்றைக்கும் 'அமெரிக்கன் மா' என்றுதான் சொல்லுவார்கள். இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை, கப்பலில் வந்துதான் திருகோணமலையில் அரைபடுகிறது. அரிசி எங்கட வயலில் இருந்து வந்தது. மா எப்போதும் யாரோ தந்ததாகவோ கடையில் வாங்கினதாகவோதான் இருந்தது. இடம்பெயர்ந்த காலங்களில் நிவாரணக் காட்டுக்கு அரிசியோடும் பருப்போடும் மாவும் அளந்து கொடுத்தார்கள். அந்த மாவில் ரொட்டி தட்டி ஒரு குடும்பத்துக்குப் பங்கு வைத்தவர்கள் அந்தக் கிராமத்தில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். 2009 இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் அப்போது முன்பள்ளி வயது. எங்கட நினைவில் இருக்கிற வரிசை 2022 உடையது. காஸுக்கும் பெற்றோலுக்கும் நின்றோம், பாணின் விலை கிழமைக்கு ஒருதரம் ஏறினது. இரவில் ரொட்டிக்கு மா இல்லை என்று அம்மா சொன்னதை எங்களில் இரண்டு பேர் கேட்டிருக்கிறோம். அது நடந்து கனகாலம் ஆகவில்லை. இப்படி ஒரு ஊரில் மாவைக் கலர் போட்டுக் குழைத்துவிட்டு "செலவே இல்லை" என்று சொல்லுகிறவர் யாராக இருக்கலாம் என்று யோசித்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

உப்புக்கும் இதே கதைதான். ஒரு கப் உப்பு நிறையில் இரண்டு கப் மாவுக்குக் கிட்ட வரும். வீடியோவில் 'கொஞ்சம் உப்பு' என்று தோன்றுவது உண்மையில் கால் கிலோவுக்கு மேல். 2025 இல் கடைகளில் உப்பில்லாமல் அலைந்தவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும். விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் அந்த உப்பு எரிக்கும். நுளம்பு கடித்துச் சொறிந்த கையோடு வந்த ஒரு தங்கச்சி மாவைத் தொட்டவுடனே அழுதுகொண்டு எழும்பிப் போய்விட்டாள். அதையும் எந்த வீடியோவும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை மாவை விட்டுவிட்டு மண்ணுக்குப் போனோம். குளத்தடிக் கிராமம், களிமண்ணுக்கு என்ன பஞ்சம்? மண்வெட்டியோடு வெளிக்கிட்டவர்களை ஒரு தகப்பன் மறித்தார். "தெரியாத இடத்தில தோண்டாதேங்கோ தம்பி. என்ர வயலுக்க எடுங்கோ, அது நான் வருஷா வருஷம் உழுற நிலம்." மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத மாவட்டங்கள் இவை. கொழும்பில் இருந்து வருகிற 'இயற்கையோடு விளையாடுவோம்' பயிற்சிக் கையேடுகளில் இந்த வசனம் இருக்காது.

அவரது வயல் மண்ணை ஊற வைத்து, கல்லும் கண்ணாடித் துண்டும் இல்லாமல் அரிதட்டில் வடித்து, சாக்கில் போட்டுத் தண்ணி இறங்க விட்டோம். இரண்டு நாளில் அருமையான களி. கை எரியாது, காசு இல்லை, காய்ந்தால் நனைத்துத் திரும்பவும் பாவிக்கலாம், செய்ததை விரும்பினால் காயவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் அதையும் பெருமையாக எழுதிவிட்டுப் போக முடியாது. இரண்டாம் நாளே ஒரு அம்மா ரீச்சரிடம் வந்து "மண்ணளையிறதுக்கு வீட்டில முத்தம் இருக்கு, அதுக்கோ நேசறிக்கு அனுப்பினது?" என்று கேட்டார். அவர் வெள்ளைச் சீருடையைக் கையால் தோய்க்கிறவர். அந்தக் கேள்வியில் என்ன பிழை? பிள்ளைகளும் உள்ளதைச் சொன்னார்கள்: "அக்கா, கலர் மா இல்லையோ?"

இவ்வளவுக்கும் பிறகு ஏன் இன்னும் செய்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். கடையில் விற்கிற பக்கற் என்ன செய்கிறது என்று பார்த்ததால்தான்.

எங்களில் ஒருவரின் அக்காவின் மகன் ரவுணில் வேறொரு முன்பள்ளிக்குப் போகிறான். வருஷத் தொடக்கத்தில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதில் கொப்பி, பென்சில், கலர்ப் பெட்டி எல்லாவற்றோடும் இன்ன கொம்பனியின் பிளே டோ, இத்தனை கலர் என்று எழுதியிருந்தது. அவரவர் பக்கற்றில் அவரவர் பெயர். கலரைக் கலக்கக்கூடாது, மற்றப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. பக்கற் வாங்க முடியாத ஒரு பிள்ளை அந்த நேரத்தில் படம் கீறட்டும் என்று வேறு மேசையில் இருத்தப்பட்டிருக்கிறது. மூன்றரை வயதில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த முதல் பாடம் அது. அதோடு ஒப்பிட்டால், ஒரே தாச்சியில் கிளறி 18 பேரும் பிய்த்தெடுக்கிற மாவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் இதற்கு 'மாற்று' என்று சில இடங்களில் செய்வதும் சரியில்லை. "நாளைக்கு எல்லாரும் வீட்டில் பிளே டோ செய்து கொண்டு வரவும்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுவார்கள். அதை வாசிக்கிறது யார்? இரவு எட்டு மணிக்கு, வேலையால் வந்து, சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டு நிற்கிற அம்மா. தகப்பன்மாருக்கு அந்தச் செய்தி வருவதேயில்லை. பக்கற் வாங்கினால் காசு போகிறது. வீட்டில் செய்யச் சொன்னால் அம்மாவின் நேரம் போகிறது, அது எந்தக் கணக்கிலும் வராது. 'வீட்டில் செய்தது' என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெண் அகப்பையோடு நிற்கிறாள். பெண்ணியம் பற்றி இந்தத் தளத்தில் எத்தனையோ கட்டுரை எழுதின எங்களுக்கே, ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பார்க்கும் வரைக்கும் அது படவில்லை.

பிளே டோ என்ற பொருளின் கதையும் இந்த இடத்தில் சொல்லவேண்டியது. அது முதலில் விளையாட்டுச் சாமானே இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு கொம்பனி சுவரில் ஒட்டுகிற கடதாசியைத் துடைக்கச் செய்து விற்ற மா அது. வீடுகளைச் சூடாக்க நிலக்கரி எரித்த காலத்தில் சுவரெல்லாம் கரி படியும், இந்த மாவால் ஒற்றி எடுப்பார்கள். நிலக்கரி போய் எரிவாயு வந்ததும், கழுவக்கூடிய சுவர்க்கடதாசி வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தக் கொம்பனிக் குடும்பத்துக்கு உறவான கே சூஃபோல் என்ற பெண் ஒரு நேசறி நடத்திக்கொண்டிருந்தார். அந்தத் துடைக்கிற மாவைத் தன் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தவர் அவர்தான், பிளே டோ என்ற பெயரையும் அவர்தான் சொன்னார். 1956 இல் அது விளையாட்டுச் சாமானாகக் கடைக்கு வந்தது. உலகம் முழுக்க விற்கிற ஒரு பொருளை, சின்னப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருந்த ஒருவரின் கண்தான் கண்டுபிடித்திருக்கிறது.

எங்கட முன்பள்ளி ரீச்சர்மாருக்கும் அந்தக் கண் இருக்கிறது. மாவை இடியப்ப உரலில் போட்டுப் பிழிய விடலாம் என்று சொன்னது ரீச்சர்தான். அன்றைக்கு ஊதா இடியப்பம், மஞ்சள் இடியப்பம் என்று ஒரு கடையே போட்டார்கள். பென்சிலைப் பிடிக்கவே மாட்டேன் என்ற பொடியன் இரண்டு கையாலும் உரலை அமத்துகிறதைக் காட்டி, "இவனுக்குக் கை பலம் காணாது எண்டுதான் நான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். நாங்கள் அவனை வெறுமனே குழப்படிக்காரன் என்று நினைத்திருந்தோம். இவ்வளவு பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு மாதம் கிடைக்கிறதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. முன்பள்ளிகள் 13 ஆவது திருத்தத்தோடு மாகாண சபைகளின் விடயம். அந்தச் சபைகளுக்குத் தேர்தல் நடந்தே வருஷக்கணக்காகிறது. மாகாணம் மத்தியைக் காட்டும், மத்தி மாகாணத்தைக் காட்டும், ரீச்சர் தன் கைக்காசில் கலர்ப் பென்சில் வாங்குவார். நாங்கள் சனிக்கிழமை வந்து மா கிளறிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் இதில் ஒன்றும் மாறாது. அதையும் சேர்த்துச் சொல்லாமல் 'படைப்பாற்றல்' பற்றி மட்டும் எழுதுவது அரைவாசி உண்மை.

கை பலத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பெற்றோர் கூட்டத்தில் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "எப்ப எழுதப் பழக்குவியள்?" பக்கத்து முன்பள்ளியில் நாலு வயதில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் எழுதுகிறார்களாம். புலமைப்பரிசில் ஓட்டம் இப்போது ஐந்தாம் ஆண்டில் தொடங்குவதில்லை, நேசறியில் தொடங்குகிறது. எங்களில் சிலர் உடனே, "மா பிசைந்தால் விரல் பலப்படும், எழுத்து வடிவாக வரும்" என்று பதில் சொன்னோம். பெற்றோருக்குத் திருப்தி. பொய்யும் இல்லை, பிசைகிறதும் உருட்டுகிறதும் கிள்ளுகிறதும் பென்சில் பிடிக்கிற விரல்களுக்கு நல்ல வேலைதான். ஆனால் அப்படிச் சொன்ன அடுத்த சனிக்கிழமையே ஒரு அம்மா மகளுக்குப் பக்கத்தில் இருந்து, "பாம்பு உருட்டாதை, 'அ' செய்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிழை அவரில் இல்லை. விளையாட்டை எழுத்துக்குத் தயார்ப்படுத்தல் என்று விற்றவர்கள் நாங்கள். விளையாட்டுக்கு அனுமதி வாங்க ஒவ்வொருமுறையும் படிப்பைச் சாட்டினால், கடைசியில் படிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

அந்தப் பிள்ளை 'அ' செய்யவில்லை. பாம்பை உருட்டி, அதைச் சுருட்டி, நடுவில் விரலால் குத்தி, "இது கிணறு" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து அமத்தினாள். கிணறு எங்கே என்று கேட்டதுக்கு "மூடியாச்சு" என்றாள். காகிதத்தில் கீறினால் பிழையாகப் போனதை அழிறப்பரால் அழிக்க வேண்டும், அழித்த இடம் தெரியும். மாவில் பிழை என்று ஒன்று இல்லை. அமத்தினால் திரும்ப உருண்டை. இந்தப் பிள்ளைகளுக்குப் பிழை விடப் பயமில்லாத இடம் இன்னும் எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வழியாகத்தான் நாங்களும் வந்தோம்.

ஆச்சியின் கேள்விக்குப் பதிலை ஆச்சிதான் கொஞ்சம் தந்தார். ஆடிப்பிறப்புக்கு முந்தின சனிக்கிழமை ஒரு சுளகோடும், பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்ட உள்ளுடனோடும் வந்தார். வறுத்த அரிசி மாவைக் கொதிதண்ணி விட்டுக் குழைத்தார். பிள்ளைகளை வரிசையாகக் கை கழுவ வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு உருண்டை. கொழுக்கட்டைக்கு விளிம்பு மடிக்கிறதைக் காட்டினார். ஒரு பொடியன் கொழுக்கட்டைக்குப் பதில் முதலை செய்தான், ஆச்சி அதையும் பேசாமல் நீத்துப்பெட்டியில் வைத்தார். அவிந்த முதலையை அவனே சாப்பிட்டான். அப்போதுதான் எங்களுக்கும் நினைவு வந்தது. அம்மா ரொட்டி குழைக்கிறபோது ஒரு துண்டைப் பிய்த்துத் தந்ததும், கறுத்துப்போகுமட்டும் அதை உருட்டிக்கொண்டு திரிந்ததும். பல்லு முளைத்தால் தலையில் கொழுக்கட்டை கொட்டின ஊர் இது. அரிசியைப் பரப்பி அதில் விரல் பிடித்து 'அ' எழுதி ஏடு தொடக்கின ஊர். சாப்பாட்டோடு பிள்ளைகள் விளையாடுவது இங்கே புதிதில்லை. சாப்பிட முடியாதபடி உப்பைக் கொட்டி விளையாடுவதுதான் புதிது. ஆச்சிக்குப் பிடிக்காமல் போனது அதுதான்.

உப்பு மாவை அவர் இன்றைக்கும் ஏற்றுக்கொள்ளவில்லை. நாங்கள் அதைக் கிளறுகிற நாளில் படலையடியில் நின்றபடிதான் பேரனைக் கூப்பிடுவார். அவரை மாற்ற வேண்டும் என்று எங்களுக்கு எண்ணமும் இல்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். உப்பு மா மாதம் ஒருதரம், முன்பள்ளியிலேயே, ஒரே தாச்சியில். மாவும் உப்பும் எங்கட காசில். கிளறுகிற வேலை பெரும்பாலும் குழுவிலிருக்கிற பொடியன்களுக்கு, ஏனென்றால் அகப்பை பிடிக்கிற அண்ணாமாரைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வேலை கொடுத்து அனுப்புவதில்லை. மற்றக் கிழமைகளில் வயல் மண். அந்த நாளுக்குச் சீருடை வேண்டாம், பழைய உடுப்புப் போதும் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் முறைப்பாடு அதோடு குறைந்தது. இடைக்கிடை ஆச்சியின் அரிசி மா. என்ன செய்தாய் என்று கேட்போம், என்ன செய் என்று சொல்லுவதில்லை. எழுத்து நல்லாக வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

நீங்களும் ஒரு முன்பள்ளிக்குப் போகிறவர்களாக இருந்தால், அல்லது வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருந்தால், ஒருதரம் செய்து பாருங்கோ. அவித்த மாவை மட்டும் கொண்டு போகாதேங்கோ. தாச்சியை அடுப்பில் வைக்க முதல், பக்கத்தில் இருக்கிற பெரியவர் ஒருவரிடம் மாவை விளையாடக் கொடுக்கலாமோ என்று கேளுங்கோ. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்றும் கேளுங்கோ. அந்தக் கதையைக் கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் காணாது.